வர்றேன் சார்

சங்கு ஊதி முடிந்ததும் அந்தக் கையுறைத் தொழிற்சாலையின் கேட்டருகே ஒரே வார்த்தைதான் திரும்பத் திரும்பக் கேட்கும். "வர்றேண்ணே", "வர்றேன்பா", "வரட்டுமா?" ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் ஆளுக்கு ஒரு தலையசைப்பு கொடுப்பார். வீட்டுக்குப் போகிற ஜனம் முழுக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகும். தப்பித்தவறி யாராவது போகிறேன் என்றால் வாட்ச்மேன் "வாயக் கழுவு" என்பார். எதையுமே சொல்லாமல் போகிறவன் ஒருத்தன்தான் உண்டு. தைத்து வந்த கையுறையைச் சுருக்கமில்லாமல் நிமிர்த்த, சூடேற்றிய இரும்புக் கை ஒன்றில் மாட்டி எடுக்க வேண்டும்; அந்தச் சூட்டுக்கையில் நிற்பவன் அவன். காலையில் வந்தால் வந்தேன் கிடையாது, சாயங்காலம் கிளம்பினால் கிளம்பினேன் கிடையாது. டிபன் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி போய்விடுவான். ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்து, சம்பள நாளில் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடும் அளவுக்கு ஆகிவிட்டது.

அவனுக்கு அடுத்த மேசை திருப்பக்காவுடையது. அதுவும் வைத்த பெயர்தான். தோல் கையுறையை உள்பக்கம் வெளியே இருக்கும்படிதான் தைப்பார்கள். தைத்ததும் திருப்ப வேண்டும். மேசையில் நட்ட இரும்புக் குச்சியில் ஒவ்வொரு விரலாகச் செருகி இழுத்து, உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவர வேண்டும். கட்டைவிரல் சொன்ன பேச்சு கேட்கும். சுண்டுவிரல்தான் சண்டி. அதிலும் மழைக்காலத்தில் தோல் ஈரம் குடித்து ஊதிக்கொண்டால், ஒரு கையுறையைத் திருப்புவதற்குள் திருப்புகிறவள் கை கழன்றுவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் குச்சி முன் நின்றவள், தலையில் நரை விழுந்த பிறகும் அங்கேயே நின்றாள். உள்ளங்கைத் தோல் தடித்துப்போய் அவளுக்கே ஒரு கையுறை முளைத்தமாதிரி ஆகிவிட்டது. "அக்கா, உன்கிட்ட மனுசன் கை கொடுத்தா அதையும் திருப்பிடுவ" என்று தையல் பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

அவள் புருசனுக்கும் அங்கேதான் வேலையாக இருந்தது. தோல் வெட்டுகிறவன், அதனால் கட்டர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வேலை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது. ஒன்றுவிட்டு ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அங்கே மெஷினுக்குக் காசு இல்லை. குழாய்க்கும் ஊசிக்கும் உண்டு. அந்தக் காசு முழுக்கத் திருப்பக்காவின் சம்பளத்திலிருந்துதான் போனது. மெஷின் கிடைப்பது அதைவிடப் பெரிய பாடு. வரிசையில் காத்துக் கிடந்து, முன்னால் இருந்த ஒருவர் செத்து, அந்தப் படுக்கை இவருக்கு வந்தது. கட்டர் அதையும் வேடிக்கையாக்கிவிடுவார். போகும்போதெல்லாம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குரல் கொடுப்பார்.

"லாண்டரிக்குப் போயிட்டு வர்றேன்டி!"

"நல்லா வெளுத்து வாங்கிட்டு வாங்க" என்பாள் அவள் அடுப்படியிலிருந்து.

கம்பெனி இடம் மாறப்போகிறது என்ற பேச்சு மழை பிடித்த சமயத்தில் கிளம்பியது. முதலில் வதந்தி என்றார்கள். பிறகு ஒருநாள் யாரோ இரண்டு பேர் வந்து ஒவ்வொரு தையல் மெஷின் மேலும் சாக்பீசால் வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். சூட்டுக்கையிலும் வட்டம் போட்டார்கள். திருப்பக்காவின் இரும்புக் குச்சியைப் பார்த்தார்கள், யோசித்தார்கள், அதற்கும் ஒரு வட்டம் போட்டார்கள். ஆட்களுக்கு யாரும் வட்டம் போடவில்லை.

அன்று சாயங்காலம் மாடிக் குடித்தனத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கட்டருக்காக உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் வேகவைத்துக்கொண்டிருந்தாள். கிழங்கிலிருக்கும் பொட்டாசியம் அப்படி இறங்கினால்தான் அவர் உடம்பு தாங்கும். ருசி முழுக்கத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். கீழ்வீட்டிலிருந்து நாத்தனார் ஏறி வந்தாள். கையுறைக்குக் கட்டைவிரல் தைக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணி, நாளைக்கு ஒவ்வொருத்தரா ஆபீசுக்குள்ள கூப்பிடப் போறாங்களாம். ஹெட் ஆபீஸ்லேர்ந்து டை கட்டிக்கிட்டு ஒருத்தர் வந்திருக்காரு. வர்றியா வரலையான்னு கேப்பாராம்."

"அது எவ்வளவு தூரமாம்?"

"ராத்திரி பஸ் ஏறினா விடிஞ்சு போய் எறங்கலாமாம். சுத்தி ஒரு வீடு கிடையாது, கடை கிடையாது, வெட்டவெளியில ஷெட்டு போட்டிருக்காங்களாம். நான் போயிடுவேன் அண்ணி. எனக்கென்ன, தனிக்கட்டை. நீதான் பாவம்."

"அங்க ஆஸ்பத்திரி இருக்கா?"

"அங்க காய்ச்சல் வந்தா மாத்திரை வாங்கவே பஸ் ஏறணுமாம்."

கட்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு ஐஸ்கட்டியை நாக்கில் உருட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதால் அதுதான் அவருக்குத் தண்ணீர்.

"வரமாட்டேன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள் திருப்பக்கா.

"சொல்லிடாத" என்றார் கட்டர். "வரமாட்டேன்னு சொன்னவளை அன்னிக்கே கணக்கு முடிச்சு வெளிய தள்ளிடுவான். நம்மளா வேலைய விட்டதா எழுதிப்பான். எத்தனை கூத்து பாத்திருக்கேன். வர்றேன்னும் சொல்லாத, வரலைன்னும் சொல்லாத. போ, உக்காரு, கேட்டுக்க, மரியாதையா எந்திரிச்சு வந்துடு. நீ வாயக் கொடுத்தாத்தானே அவன் புடிப்பான்?"

"எங்க அண்ணன் மூளையே மூளை" என்றாள் நாத்தனார். அப்போது எல்லாருக்கும் அது மூளையாகத்தான் தெரிந்தது.

ஆபீஸ் அறையில் மின்விசிறி ஓடியும் ஈரத்தோல் நாற்றம் போகவில்லை. மேனேஜர் ஓரமாக உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டை கட்டியவருக்கு வயது குறைவு, பேச்சு தேன். உட்காருங்கம்மா என்றார். டீ சாப்பிடுறீங்களா என்றார். அந்த அறையில் அதுவரை யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை என்பதால் அவள் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"புது எடம் நல்லா இருக்கும்மா. பெரிய ஷெட்டு, காத்தோட்டம். உங்க மாதிரி அனுபவசாலிங்க வந்தா எங்களுக்குத்தான் பெருமை. வீட்ல என்ன கஷ்டம் இருக்கு?"

அவள் சொன்னாள். ஆஸ்பத்திரி, மெஷின், படுக்கை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உச்சுக்கொட்டிக் கேட்டார். பிறகு போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"கடைசியா ஒரே ஒரு கேள்வி. இத மட்டும் பதிவு பண்ணிக்கறேன், எல்லாருக்கும் இப்படித்தான். உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு." போனைத் தொட்டார். "நம்ம கம்பெனி மாறுற புது எடத்துக்கு நீங்க வேலைக்கு வர்றீங்களா, இல்லையா?"

திருப்பக்கா வாயைத் திறக்கவில்லை. புருசன் சொன்னது காதில் இருந்தது. மின்விசிறி சுற்றியது. அவர் காத்திருந்தார். மேனேஜர் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டை கட்டியவர் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். ஆளை விட்டால் போதும் என்று அவள் எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"வர்றேன் சார்."

அவர் போனைத் தொட்டு அணைத்தார். "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

வெளியே வந்து, வாயைக் கொடுக்காமல் தப்பிவிட்டோம் என்ற நிம்மதியில் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அவளுக்குப் பின்னால் போனவன் ஊமைக்கோட்டான். போன வேகத்தில் திரும்பி வந்து சூட்டுக்கை முன் நின்றுகொண்டான்.

"என்னடா கேட்டாங்க?"

தோளைக் குலுக்கினான்.

"நீ என்ன சொன்ன?"

அதற்கும் தோளைத்தான் குலுக்கினான்.

மழை விட்டதும் லாரிகள் வந்தன. வட்டம் போட்டதெல்லாம் ஏறிப் போனது. இரும்புக் குச்சியை மேசையிலிருந்து பிடுங்க முடியாமல் மேசையோடு தூக்கிப் போனார்கள். கணக்கு வாங்க வரச் சொன்ன நாளில் காலி ஷெட்டுக்குள் பேச்சு எதிரொலித்தது. மேனேஜர் ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டைப் பாடினார். வர ஒப்புக்கொண்டவர்கள் வரும் திங்கட்கிழமை புது இடத்தில் வேலைக்கு நிற்க வேண்டும். வர மறுத்தவர்களுக்கு மட்டும்தான் நோட்டீஸ் காலத்துச் சம்பளமும் நஷ்டஈடும்.

"நான் எப்ப சார் ஒப்புக்கிட்டேன்?" என்றாள் திருப்பக்கா.

மேனேஜர் தன் போனை எடுத்து அழுத்தினார். டை கட்டியவரின் தேன் குரல் கேட்டது. வர்றீங்களா, இல்லையா? மின்விசிறிச் சத்தம். பிறகு நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவளுடைய குரல், பணிவாக, தெளிவாக. வர்றேன் சார்.

தன் குரலை வெளியிலிருந்து அவள் கேட்டதே அதுதான் முதல் தடவை.

"சார், அது கெளம்பறப்ப சொன்னது சார். போயிட்டு வர்றேன்னு சொல்றதில்லையா, அது சார். உங்களுக்குத் தெரியாதா? நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க?"

"எனக்குத் தெரியும்மா" என்றார் மேனேஜர் தாழ்ந்த குரலில். "நான் என்னம்மா பண்றது? நானே அங்க வாடகைக்கு வீடு தேடிக்கிட்டிருக்கேன்."

வரிசையில் நின்றவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே போன அத்தனை பேரும் மரியாதை தெரிந்தவர்கள். அத்தனை பேரும் எழுந்து நின்று வர்றேன் சார் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று பெற்றவர்கள் அடித்துச் சொல்லிக்கொடுத்த ஒரே நல்ல பழக்கம் அவர்கள் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஊமைக்கோட்டானுக்கு மட்டும் உறையில் செக் கிடைத்தது. அவன் பதிவில் மின்விசிறிச் சத்தமும் கதவுச் சத்தமும் மட்டுந்தான் இருந்ததாம், ஒப்புக்கொண்டான் என்று காட்ட ஒரு வார்த்தை இல்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பெட்டியைக் கட்டிக்கொண்டு புது ஊருக்குக் கிளம்பினாள். அவள் போன மறுநாள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஊமைக்கோட்டான் வந்து நின்றான். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். எதிரே உட்கார்ந்திருந்த கட்டர் அவனைப் பார்த்தார்.

"என்னடா, சௌக்கியமா?"

தலையாட்டினான்.

"வேலை ஏதாச்சும் தேடிக்கிட்டியா?"

இல்லை என்று ஆட்டினான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வருசக்கணக்காகப் பக்கத்து மேசையில் நின்றவளிடம் முதல்முறையாக முழுசாக ஒரு வாக்கியம் பேசினான்.

"அக்கா, நான் ஒண்ணும் கெட்டிக்காரத்தனமா பண்ணலை. எனக்கு வாய் வராது, அவ்ளோதான்."

"எனக்குத் தெரியும்டா."

"எனக்கு வெக்கமா இருக்கு."

"உனக்கெதுக்குடா வெக்கம்? பண்ணினவன் டை கட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்கான்."

அவன் போனதும் கட்டர் ஒரு பழத்தை எடுத்து மூக்கில் வைத்து வாசம் பிடித்தார். அதே பொட்டாசியம் நிறைந்த ஆரஞ்சு அவருக்கு விஷம். அது கொண்டுவந்தவனுக்கு எப்படித் தெரியும்? மோந்து பார்த்துவிட்டுப் பையிலேயே போட்டார். 

"வரமாட்டேன்னு சொல்ல விடாம பண்ணினது நான்தான்டி."

"விடுங்க."

"வாயக் கொடுக்காதன்னேன். பெரிய புத்திசாலி."

"விடுங்கன்னு சொல்றேன்ல. நீங்க சொன்ன மாதிரி நான் வாயத் தொறக்கலையே. அது தானா வந்துச்சு. என் வாயே எனக்குக் குழி பறிச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். கோபம் யார் மேல் என்று தெரியாமல் ஆரஞ்சுப் பையை எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போனாள்.

நஷ்டஈடு கேட்டுப் போன லேபர் ஆபீசில் அவளை அலையவிட்டார்கள். இன்று ஆள் இல்லை, நாளைக்கு வா என்றார்கள். கடைசியில் விசாரணைக்குக் கூப்பிட்டபோது வெயில் காலம் வந்துவிட்டது. ஆபீசரம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். கம்பெனிக்காக ஒரு வக்கீல் வந்திருந்தார்.

"இடம் மாறினா, போக முடியாதவங்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கணும்மா. கொடுக்கலைன்னா அந்தக் காலத்துச் சம்பளம். அதுக்கு மேல, வேலை பாத்த வருசத்துக்குத் தகுந்த நஷ்டஈடு. அது உங்க உரிமை, யாரும் போடற பிச்சை இல்லை. நீங்க தெளிவா வரமாட்டேன்னு சொல்லியிருந்தா, அத்தனையும் அவங்க கொடுத்துத்தான் ஆகணும்."

 வேலையைப் பறித்துவிடும் என்று பயந்து திருப்பக்கா விழுங்கிய வார்த்தைதான் காப்பாற்றியிருக்கக்கூடிய வார்த்தை.

வக்கீல் பதிவைப் போட்டுக் காட்டினார். கேள்வி, மின்விசிறி, நாற்காலி, வர்றேன் சார். "தெளிவான கேள்வி, தெளிவான சம்மதம்" என்றார். "வர்றேன்னு சொல்லிட்டு வேலைக்கு வரலை. தானா நின்ன மாதிரிதான் மேடம்."

"அம்மா, நான் கெளம்பறப்ப சொல்லிக்கிட்டேன்மா, அவ்ளோதான்" என்றாள் திருப்பக்கா. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வக்கீலுக்கு வேறு இடத்தில் ஜோலி இருந்தது. காகிதங்களைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தார், கைகூப்பினார்.

"அப்ப வர்றேன் மேடம்."

 டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் குபீரென்று சிரித்தாள். ஆபீசரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வக்கீல் நாக்கைக் கடித்துக்கொண்டார், அவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. திருப்பக்காவும் சிரித்துவிட்டாள். சிரித்தவள் எழுந்து நின்று, "பாத்தீங்களாம்மா? இதைத்தாம்மா நானும் சொன்னேன்!" என்றாள். முடிந்தது, எல்லாருக்கும் புரிந்துவிட்டது, இனிமேல் கொடுத்துவிடுவார்கள் என்று அவள் மனசார நம்பினாள்.

ஆபீசரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் புரியாம இல்லம்மா. இங்க யாருக்குத்தான் புரியல? ஆனா பதிவுல கேள்வி இருக்கு, பதில் இருக்கு. நான் சொல்லிப் பாக்கத்தான் முடியும். அவங்க ஒத்துக்கலைன்னா கோர்ட்டுக்கு அனுப்பறேன். அங்க போய்ச் சொல்லுங்க."

"ஒத்துக்க எங்களுக்கு உத்தரவு இல்லைங்க" என்றார் வக்கீல், இன்னும் முகத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது. வாசலுக்குப் போனவர் திரும்பி, இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

"கோர்ட்டுக்குப் போனா எப்பம்மா முடியும்?"

"அத என்னால சொல்ல முடியாதும்மா. வருசமாகும்."

கதவுவரை வந்தபோது சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு வாய் வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு பெரிய மனுசியிடம் சொல்லிக்கொள்ளாமல், ஊமைக்கோட்டானைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு வெளியேறினாள். வெயில் மூஞ்சியில் அடித்தது.

சாப்பாட்டுக்கடை ஒன்றில் பாத்திரம் துலக்கும் வேலை கிடைத்தது. உள்ளங்கையில் காய்த்திருந்த தோல் தண்ணீரில் ஊறி உரிய ஆரம்பித்தது. அந்தச் சம்பளத்தில் குழாயும் ஊசியும் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் என்பது முதலில் நாள் தள்ளிப்போனது, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று ஆனது. டாக்டர் திட்டினார். வெயிலில் கட்டருக்குத் தாகம் தாங்கவில்லை. திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்தார், குடித்தது கால்களில் போய்ச் சேர்ந்தது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினார். ஆஸ்பத்திரிக்கு அவள் கூடப் போக வேண்டும்தான். ஆனால் கடையில் காலையில் இலை போடும் நேரத்துக்கு அவள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் தயார்.

அன்று அவள் பாத்திரம் கழுவப் போவதற்காகத் தலையை வாரிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்போடு மல்லாடும் சத்தம் கேட்டது. நுழையாத காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"லாண்டரிக்குப் போறேன்டி!" என்று மூச்சுவாங்கக் குரல் கொடுத்தார்.

சீப்பு அவள் கையில் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"போறேன்னேன். வர்றேன்னு சொன்னா எவனாவது பதிவு பண்ணிக்கிட்டுப் புடிச்சுக்குவான். நமக்கெதுக்கு வம்பு?" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கத் தொடங்கினார்.

அவள் வாரியது பாதியில் நிற்க, தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். அவர் நடுப்படியில் நின்று மூச்சு பிடித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையைப் பின்னாலிருந்து பற்றினாள்.

"ஒழுங்கா சொல்லிட்டுப் போங்க."

"பஸ்ஸு போயிடும்டி."

"போகட்டும். சொல்லிட்டுப் போங்க."

"வெளையாட்டுக்குத்தானே சொன்னேன்..."

"என்கிட்ட வேணாம் அந்த வெளையாட்டு. சொல்லுங்க."

கீழ்வீட்டில் குடிவந்திருந்த புதுப்பெண் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். கட்டர் திரும்பிப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். சிரிக்கலாமா என்று பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"போயிட்டு வர்றேன்" என்றார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"வர்றேன்டி."

அவள் சட்டையை விட்டாள். அவர் ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து இறங்கினார். தெருவில் இறங்கி, பஸ் நிறுத்தத்தை நோக்கி அந்த ஊதிய காலோடு நடந்தார். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய்தவறி வந்த ஒரு வார்த்தையை வைத்து அவளைக் கட்டிப்போட அவ்வளவு பெரிய கம்பெனியும் வக்கீலும் சட்டமும் இருந்தார்களே, இவர் இப்போது வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போகிறாரே, இதை வைத்து இவரைப் பிடித்துக்கொள்ள யாராவது இருக்கக்கூடாதா என்று அழுகை வந்தது.

"என்னக்கா ஆச்சு?" என்றாள் கீழ்வீட்டுப் பெண்.

"நீ கேட்டல்ல?" என்றாள் திருப்பக்கா. "வர்றேன்னாரு. நீதான் சாட்சி."